ஒரு வரி சொல்லிவிட்டுப் படத்தைப் போடு

பல வருடங்களுக்கு முன்னால் என் நண்பனுக்கு ‘டோக்கியோ ஸ்டோரி’ படத்தைப் போட்டுக் காட்டினேன். போடுவதற்கு முன் கால் மணி நேரம் பேசினேன். யசுஜிரோ ஓசு 1953-ல் எடுத்தது, உலகத்தின் சிறந்த படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் தவறாமல் இடம்பிடிப்பது, காமிரா கிட்டத்தட்ட நகரவே நகராது, தரையில் உட்கார்ந்திருப்பவரின் உயரத்துக்குக் கீழே இறங்கியிருக்கும் என்று ஆரம்பித்தேன். அப்புறம் ஓசுவின் வாழ்க்கைக்குப் போனேன். 1903 டிசம்பர் 12 அன்று பிறந்தவர், 1963-ல் அதே டிசம்பர் 12 அன்று, தன் அறுபதாவது பிறந்தநாளில் இறந்தார். கல்லறையில் பெயர் இல்லை, ‘ஒன்றுமில்லை’ என்று பொருள்படும் ஒற்றை எழுத்துதான் இருக்கிறது. இதையெல்லாம் சொல்லி முடித்து, “இதைப் பார்த்துக் கலங்காதவன் இருக்கவே முடியாதுடா” என்று வேறு சொன்னேன்.

அவன் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். நாற்பதாவது நிமிடத்தில் கையில் போன் இருந்தது. ஒரு மணி நேரம் ஆனபோது தூங்கிப்போயிருந்தான். முடிகிற சமயத்தில் எழுந்து, கடைசிக் காட்சியைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “நல்ல படம்தான்டா. எனக்குத்தான் பொறுமை இல்லை.”

அந்த இரண்டாவது வாக்கியம் எனக்குள் ரொம்ப நாள் கிடந்தது. பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது. ஒரு படம் தனக்கு ஒட்டாமல் போனதற்கு அவன் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டான். அப்படிச் சொல்ல வைத்தது நான். படம் தொடங்கும் முன்பே அவனைப் பரீட்சை எழுத உட்கார வைத்துவிட்டேன். இந்தப் படம் மேதையின் படைப்பு, இது பிடிக்காவிட்டால் குறை உன்னிடம்தான் என்று கால் மணி நேரம் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறேன். அப்படிப் பார்க்க உட்கார்ந்தவனால் எதை ரசிக்க முடியும்?

இரண்டு வாரம் கழித்து அவன் போன் செய்தான். “இப்ப என் முறை. வா.”

போனேன். ஒரு பழைய தமிழ்ப் படம் என்று மட்டும் தெரிந்தது. பெயர்கூடச் சொல்லவில்லை. ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரே ஒரு வரி சொன்னான்: “படம் ஆரம்பிச்சதுமே ஹீரோவைச் சுட்டுக் கொன்னுடுவாங்க. ஆனா மீதிப் படம் முழுக்க அவர்தான் வருவாரு.” அவ்வளவுதான், படத்தைப் போட்டுவிட்டான்.

அது ‘அந்த நாள்’. 1954-ல் ஏவி.எம். தயாரித்து எஸ். பாலச்சந்தர் இயக்கியது. அவன் சொன்ன மாதிரியே, ஆரம்பத்திலேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டுச் சாய்கிறார். இரண்டாம் உலகப் போர்க் காலம், 1943, ஜப்பானியர் சென்னையில் குண்டு போட்டதற்கு மறுநாள். கொல்லப்பட்டவர் ஒரு ரேடியோ இன்ஜினியர். ஜாவர் சீதாராமன் துப்பறியும் அதிகாரியாக வந்து ஒவ்வொருவராக விசாரிக்கிறார். மனைவி, தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொரு கதையிலும் செத்துப்போனவர் வேறொரு மனிதராகத் திரும்பி வருகிறார். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். யார் கொன்றது என்று தெரிந்த பிறகும் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம்தான் மண்டையில் ஏதோ தட்டியது.

“டேய், பாட்டே வரலையே!”

அவன் முகத்தில் அப்போது வந்த சிரிப்பை என்னால் மறக்க முடியாது. அதைத்தான் அவன் இரண்டு மணி நேரமாக அடக்கி வைத்திருந்தான். பாட்டே இல்லாமல் வந்த தமிழ்ப் படம் என்பதுதான் ‘அந்த நா’ளைப் பற்றி எல்லோரும் முதலில் சொல்லும் செய்தி. அதை எடுத்தவரோ பெரிய வீணைக் கலைஞர். இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் பாட்டு வராத இடங்களை எண்ணிக்கொண்டு பார்த்திருப்பேன். அவன் சொல்லவில்லை. அதனால் அந்தக் கண்டுபிடிப்பு என்னுடையதாகவே ஆனது.

அன்று இரவு வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு ஒன்று புரிந்தது. அவன் படத்தின் பெருமையை ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு நூலை மட்டும் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான். நானோ மலையைத் தூக்கி அவன் தலையில் வைத்தேன்.

அன்று முதல் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. மாதம் ஒரு படம். ஒரு மாதம் அவன் காட்டுவான், மறுமாதம் நான். போடுவதற்கு முன் ஒரே ஒரு வரி சொல்லலாம். மற்றதெல்லாம் படம் முடிந்த பிறகுதான்.

அந்த ஒரு வரியைத் தேடுவது லேசான வேலை இல்லை. நமக்குப் பிடித்த படத்தைப் பற்றி நமக்கு ஆயிரம் தெரியும். அதில் எது இந்த மனிதனுக்கு வாசல் திறக்கும் என்று யோசிக்க வேண்டும். அதற்குப் படத்தைவிட ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். என் நண்பன் எதையும் உடனே ஒப்புக்கொள்ளாதவன். பத்துப் பேர் ஒரு பக்கம் நின்றால் இவன் மறுபக்கம் போய் நின்று, “இருங்க, இன்னொரு தடவை யோசிப்போம்” என்பான். அவனுக்கு நான் அடுத்துக் காட்டிய படம் ‘12 ஆங்ரி மென்’. சொன்ன வரி: “உன்னை மாதிரி ஒருத்தன் வர்றான்டா.”

சிட்னி லூமெட்டின் முதல் படம், 1957. மொத்தமே 96 நிமிடம். கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரே அறையில், ஒரு மேசையைச் சுற்றி நடக்கிறது. ஓர் இளைஞன் குற்றவாளியா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டிய பன்னிரண்டு பேர். பதினோரு பேர் குற்றவாளி என்று கை தூக்குகிறார்கள், ஒருவர் மட்டும் தூக்கவில்லை. என் நண்பன் அந்தக் கணத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தவன், கடைசிவரை சாயவே இல்லை. கறுப்பு வெள்ளை என்பதையோ சப்டைட்டில் படிக்க வேண்டும் என்பதையோ பத்தே நிமிடத்தில் மறந்துவிட்டான். பழைய படம் என்றாலே விலகி ஓடுகிற யாருக்காவது முதல் படமாக எதைக் காட்டலாம் என்று கேட்டால் நான் இன்றும் இதைத்தான் சொல்வேன்.

முடிந்ததும், “எனக்கு ஏன்டா போகப்போக மூச்சு முட்டுச்சு? அதே ரூம்தானே?” என்று கேட்டான். நான் காத்திருந்த கேள்வி. லூமெட் படத்தின் முதல் பகுதியைக் கண்மட்டத்துக்கு மேலிருந்து எடுத்தார், நடுப்பகுதியைக் கண்மட்டத்தில், கடைசிப் பகுதியைக் கீழிருந்து. கூடவே லென்ஸின் குவியத் தூரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டே போனார். அதனால் சுவர்கள் மனிதர்களை நெருங்கி வருவது போலத் தோன்றும், முடிவு நெருங்கும்போது மேற்கூரையே தலையில் இறங்கும். இதைச் சொன்னதும் அவன் ரிமோட்டை வாங்கி, முதல் பத்து நிமிடத்தையும் கடைசிப் பத்து நிமிடத்தையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தான். “ஆமாடா... கூரை தெரியுது பாரு!” என்று கத்தினான். இதே தகவலை முன்னாலேயே சொல்லியிருந்தால் அது வகுப்பறைப் பாடமாக இருந்திருக்கும். மூச்சு முட்டியவனுக்குக் காரணம் சொல்லும்போது அது வேறு.

இடையில் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும், சின்னதுதான், ஆனால் எத்தனையோ நல்ல படங்கள் இதனால்தான் வீணாகின்றன. டிவியின் அமைப்பைச் சரிபாருங்கள். 1950-களின் முதல் சில ஆண்டுகள்வரை வந்த படங்களின் சட்டம் ஏறக்குறைய சதுரம். அகலம் 1.37 என்றால் உயரம் 1. இன்றைய டிவி அகலமானது. சில டிவிகள் படத்தை இழுத்து நிரப்பிவிடும், முகமெல்லாம் ஊதிப் போய்விடும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால்தான் படம் சரியாக இருக்கிறது என்று பொருள். இன்னொன்று, அசைவை மழமழவென்று ஆக்குகிற ஒரு வசதி பல டிவிகளில் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அதை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் எந்தப் பழைய படமும் வீடியோ எடுத்த நாடகம் போலத்தான் தெரியும்.

பிரதி நல்லதாக இருப்பது அதைவிட முக்கியம். நான் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யை முதன்முதலில் பார்த்தது ஒரு மோசமான பிரதியில். வெள்ளை எரிந்து, கறுப்பு கரைந்து, ஒலியில் மழை பெய்துகொண்டிருக்கும். அப்படியே நண்பனுக்கும் காட்டியிருந்தால் இன்னொரு ‘எனக்குத்தான் பொறுமை இல்லை’ கேட்டிருப்பேன். நல்லவேளை, காத்திருந்தேன். அந்தப் படத்தின் மூல நெகடிவ்கள் 1993-ல் லண்டனில் ஒரு லேபில் நடந்த தீ விபத்தில் சிக்கின. கருகி மிஞ்சியதை யாரும் தூக்கி எறியாமல் பாதுகாத்து வைத்திருந்தார்கள். இத்தாலியின் பொலோன்யா நகரில் உள்ள ஒரு மீட்பகத்தில் அந்தச் சுருள்களை மாதக்கணக்கில் கையாலேயே சரிசெய்து, சரிசெய்ய முடியாத இடங்களில் வேறு பிரதிகளைச் சேர்த்து, 2015-ல் இதையும், இதில் வரும் அபு என்ற சிறுவனின் கதையைத் தொடரும் மற்ற இரண்டு படங்களையும் புதிதாக வெளியிட்டார்கள். அந்தப் பிரதியில்தான் அவனுக்குக் காட்டினேன். குளத்து நீரின் மேல் பூச்சிகள் ஓடுவதையும், முதல் மழைத்துளி விழுவதையும் நானே அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன்.

சொன்ன வரி: “அந்தக் கிழவியைக் கவனி.” சுனிபாலா தேவி, எண்பது வயதை ஒட்டியவர், இந்திர் டாக்ரூனாக நடித்தவர். படம் முழுக்க அவர் வரும் காட்சிகளில் என் நண்பன் லேசாகச் சிரித்துக்கொண்டே இருந்தான், ஓரிடத்தில் சிரிப்பு நின்றது. அப்புறம் அப்பா ஊரிலிருந்து திரும்பி வருகிற காட்சி. மகளுக்கு வாங்கி வந்த சேலையை எடுத்து நீட்டுகிறார். அம்மா அதைப் பற்றிக்கொண்டு வாய் திறந்து கதறுகிறாள், ஆனால் அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் சத்யஜித் ராய் குரலை எடுத்துவிட்டு தார் ஷெனாய் என்ற வாத்தியத்தின் உச்ச ஒலியை வைத்திருக்கிறார். என் நண்பன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். படத்தை நிறுத்தட்டுமா என்று கேட்கவில்லை. அவன் நின்றபடியே மீதியைப் பார்த்தான்.

முடிந்த பிறகு வெகு நேரம் கழித்து நாணல் காட்டுக் கதையைச் சொன்னேன். அக்காவும் தம்பியும் வெள்ளை வெளேரென்று பூத்த வெளியில் ரயிலைப் பார்க்க ஓடுகிறார்களே, அதுதான் ராய் முதன்முதலில் எடுத்த காட்சி, 1952 அக்டோபரில். ஒருநாள் எடுத்துவிட்டு மறுவாரம் போனால் பூவெல்லாம் மாடு மேய்ந்துவிட்டிருந்தது. மறுபடி பூக்கக் காத்திருந்துதான் மீதியை எடுத்தார்கள். அபுவாக நடித்த சிறுவனுக்கு இயல்பாக நடக்க வரவில்லை என்று, பூக்களுக்குள் ஆங்காங்கே ஆட்களை ஒளித்து வைத்து, அவர்கள் கூப்பிடக் கூப்பிட அவன் திரும்பிப் பார்த்துத் தயங்கி நடக்கும்படி செய்தார் ராய். “அவன் அக்காவைத்தானே தேடுறான்னு நினைச்சேன்” என்றான் நண்பன். ஆமாம், நாமெல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம்.

அவன் எனக்குக் காட்டிய படங்களுக்கு வருகிறேன். நான் அந்த நாட்களில் கிளாசிக் என்றால் துக்கம்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவன் அதை உடைத்தான். “மனுஷனைச் சிரிக்க வைக்கிற படத்தை மட்டும் ஏன்டா பட்டியல்ல சேர்க்க மாட்டேங்கறே?” என்று கேட்டுவிட்டு ‘காதலிக்க நேரமில்லை’யைப் போட்டான். 1964, ஸ்ரீதர். நான் பத்துத் தடவையாவது பார்த்த படம், தெரியாத வசனம் கிடையாது. அப்படிப்பட்ட படத்தை எப்படி அறிமுகப்படுத்துவான் என்று பார்த்தேன். நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லுகிற காட்சி வரும்போது மெதுவாகச் சொன்னான்: “இந்தத் தடவை நாகேஷைப் பாக்காதே. பாலையாவை மட்டும் பாரு.”

அதுவரை அந்தக் காட்சியில் நான் நாகேஷை மட்டுமே பார்த்திருக்கிறேன். எல்லோரும் அப்படித்தான். பேயும் இருட்டும் கதவும் எல்லாம் அவர் வாயிலிருந்து ஒலியாக வந்துகொண்டே இருக்கும், கண்ணை எடுக்க முடியாது. அன்று பிடிவாதமாக பாலையாவின் மேலேயே பார்வையை வைத்தேன். முதலில் பெரிய மனிதனுக்குரிய ஓர் அலட்சியம். மகன் ஏதோ உளறுகிறான், கேட்டு வைப்போம் என்ற பார்வை. பிறகு அந்த அலட்சியம் எங்கே கழன்றது என்றே தெரியாமல் கழல்கிறது. கண் உருள ஆரம்பிக்கிறது, உடம்பு ஒடுங்குகிறது, பயத்தை மறைக்கப் பார்க்கிறார், மறைக்க முடியவில்லை. கதை சொல்கிறவனை நாம் நம்புவது கேட்கிறவரின் முகத்தால்தான். பாலையா அப்படிக் கேட்கவில்லை என்றால் நாகேஷின் ஒலிகள் வெறும் ஒலிகளாகவே நின்றிருக்கும். ஐம்பது தடவை பார்த்த படத்தையும் ஒருவருக்குப் புதிதாக அறிமுகப்படுத்தலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

இன்னொரு பெரிய தடையையும் அவன்தான் எனக்கு நீக்கினான். பழைய தமிழ்ப் படங்களின் நடிப்பு எனக்கு அதிகமாகப் பட்டது. உரத்த குரல், துடிக்கும் கன்னம், பெரிய கையசைவு. இதை அவனிடம் சொன்னபோது அவன் வாதாடவில்லை. அடுத்த முறை ‘தில்லானா மோகனாம்பாள்’ போட்டான், 1968-ல் ஏ.பி. நாகராஜன் எடுத்தது. வரி இதுதான்: “கழுத்தைப் பாரு.”

நாதஸ்வரத்தை வாசித்தவர்கள் மதுரை சகோதரர்கள், எம்.பி.என். சேதுராமனும் எம்.பி.என். பொன்னுசாமியும். சிவாஜி வாசிக்கவில்லை. ஆனால் அவர் கழுத்து வாசிக்கிறது. மூச்சை இழுத்துக் கட்டும்போது கன்னம் நிறைகிறது, நீண்ட சஞ்சாரத்தின் முடிவில் நரம்பு புடைக்கிறது, ஸ்வரம் நிற்கும் இடத்தில் விரலும் நிற்கிறது. கச்சேரிக்கு நடுவே பக்கத்தில் வாசிப்பவரை ஓரக்கண்ணால் பார்க்கிற பார்வைகூட மேடை வித்வானின் பார்வை. இவ்வளவு நுட்பமாகக் குறைத்து நடிக்கத் தெரிந்தவர் வேறிடத்தில் உரத்து நடிக்கிறார் என்றால் அது தெரியாமல் செய்வது இல்லை. அவர் நாடக மேடையில் வளர்ந்தவர். கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் துக்கம் போய்ச் சேர வேண்டும் என்ற பொறுப்பில் உருவான நடிப்பு அது. அப்புறம் நான் பழைய படங்களைப் பார்க்கும்போது ‘அதிகம்’ என்று ஒதுக்குவதற்கு முன் அந்தக் கடைசி வரிசையை நினைத்துக்கொள்வேன்.

எல்லாமே இப்படி இனிமையாக முடிந்துவிடவில்லை. ‘பாசமலர்’ எனக்கு ஒட்டவில்லை. அவன் அதை உயிராக நேசிப்பவன். 1961-ல் வந்த அந்தப் படத்தின் பாட்டுகளைக் கேட்டால் நானும் நின்றுவிடுவேன், சாவித்திரியின் முகத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்ப்பேன், ஆனாலும் பிற்பகுதியில் துயரம் மேல் துயரமாக அடுக்குவது எனக்குத் தாங்கவில்லை. பொய் சொல்லக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பரவாயில்லடா. அது எனக்கும் என் தங்கச்சிக்கும் உள்ள படம்” என்றான். சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து டிவியில் பார்த்திருக்கிறார்கள். அவன் காட்ட நினைத்தது சினிமாவை மட்டும் இல்லை. அந்தப் போர்வையையும் சேர்த்துத்தான் காட்டினான். எனக்கு இன்றும் அந்தப் படம் பிடிக்கவில்லை, ஆனால் அவன் அதைக் காட்டியது பிடித்திருக்கிறது.

பிடித்த படத்தைக் காட்டுகிறவர்கள் எல்லோரும் செய்கிற ஒரு காரியம் உண்டு. திரையைப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது. இதோ இப்போது வரப்போகிறது, சிரிக்கிறானா, கண் கலங்குகிறதா என்று. நானும் வருடக்கணக்கில் அப்படித்தான் செய்தேன். பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தால் யாருக்கும் இயல்பாகச் சிரிப்பு வராது, அழுகை வரவே வராது. இப்போது நாங்கள் நாற்காலிகளை ஒரே வரிசையில் போட்டுக்கொள்கிறோம், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத மாதிரி. நான் எனக்காகவே படத்தைப் பார்க்கிறேன். அவன் மூச்சு எங்கே மாறுகிறது என்பது காதில் விழுந்தால் அதுவே போதும்.

கதையை முன்னாலேயே உடைக்கக் கூடாது என்பதில் நாங்கள் இரண்டு பேரும் கறார். ‘சைக்கோ’ வந்த 1960-ல், படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று ஹிட்ச்காக் திரையரங்குகளுக்கு நிபந்தனையே போட்டார். அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே, இனி என்ன ரகசியம் என்று சிலர் கேட்பார்கள். பார்க்காதவனுக்கு அது இன்றைக்கு வந்த படம்தான்.

ஒருமுறை அவனுடைய எட்டு வயது மகளும் எங்களோடு உட்கார்ந்தாள். அன்று என் முறை, ‘சிட்டி லைட்ஸ்’. பேசும் படம் வந்து சில வருடங்கள் ஆகிவிட்டிருந்த 1931-ல் சாப்ளின் பிடிவாதமாக மௌனமாகவே எடுத்த படம். குழந்தைக்கு என்ன வரி சொல்வது என்று யோசிப்பதற்குள் அவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். குத்துச்சண்டைக் காட்சியில் தரையில் உருண்டாள், இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில், பார்வை கிடைத்த பூக்காரப் பெண் அந்தக் கந்தல் மனிதனின் கையைத் தொட்டு, தொடுகையிலேயே அவன் யார் என்று அறிந்துகொள்கிற இடத்தில் அவள் சத்தமே காட்டவில்லை. திரை இருண்டதும் கேட்டாள்: “அங்கிள், அவரு சிரிக்கிறாரா, அழறாரா?” நானும் அவள் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் இரண்டு பேருக்கும் பதில் தெரியவில்லை. அவளுக்கும் பதில் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை, எழுந்து விளையாடப் போய்விட்டாள்.

பிறகு அவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆனது. நாங்கள் விடவில்லை. போனில் பேசிக்கொண்டு, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி, இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் படத்தை ஓட விடுவோம். போனை வைத்துவிடுவோம். முடிந்ததும் யாராவது ஒருவர் கூப்பிட வேண்டும். மகேந்திரன் இயக்கி அசோக்குமார் ஒளிப்பதிவு செய்த ‘உதிரிப்பூக்கள்’ பார்த்த அன்று ஆற்றங்கரையில் அந்த இரண்டு குழந்தைகள் நிற்பதோடு படம் முடிந்தது. அன்று இரவு யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் காலையில் அவன் அனுப்பியிருந்த செய்தியில், “அசோக்குமாரோட அந்த வெளிச்சம்...” என்று மட்டும் இருந்தது.

போன வருடம் அவன் அம்மா இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து சில மாதங்கள் கழித்து என் வீட்டுக்கு வந்தான். இரண்டு நாள் தங்கினான். முறைப்படி அந்த மாதம் அவன்தான் படம் காட்ட வேண்டும். ஆனால் அவன், “அந்த ஜப்பான் படத்தைப் போடு. நான் தூங்கினேனே, அது” என்றான்.

எனக்குத் தயக்கமாக இருந்தது. வயதான தம்பதி பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோவுக்குப் போய்த் திரும்புகிற கதை அது. திரும்பிய சில நாட்களில் அம்மா இறந்துவிடுகிறாள். அரைகுறையாகத் தூங்கிப் பார்த்த அவனுக்கு அது எவ்வளவு தூரம் நினைவிருக்கிறது என்று தெரியவில்லை. வேறு ஏதாவது பார்க்கலாமா என்று கேட்டேன். “இல்லடா, அதான்” என்றான். ஒரு வரி சொல்ல வேண்டுமே. ஓசுவின் கல்லறையோ காமிராவின் உயரமோ ஒன்றும் அன்று என் வாயில் வரவில்லை. “ஆரம்பத்துல ஒரு தலையணையைத் தேடுவாங்க” என்றேன். போட்டேன்.

136 நிமிடமும் அவன் அசையவில்லை. போன் வேறு அறையில் இருந்தது. பிள்ளைகள் நேரமில்லை என்று பெற்றோரை ஒரு கடலோர விடுதிக்கு அனுப்பிவைக்கிற காட்சி, விதவை மருமகள் நொரிகோ தன் சின்ன அறையில் மாமியாரைப் படுக்க வைக்கிற காட்சி, எல்லாம் போயின. அம்மா இறந்த பிறகு, மாமனார் அவளுடைய கைக்கடிகாரத்தை நொரிகோவுக்குக் கொடுக்கிறார். ரயில் போகிறது. பெரியவர் வீட்டில் தனியாக விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலோரமாக ஒரு பக்கத்து வீட்டு அம்மாள் போகிறாள், இரண்டு வார்த்தை ஆறுதலாகப் பேசுகிறாள். இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் உயிரோடு இருந்தபோதே அவளிடம் இன்னும் கொஞ்சம் பரிவாக இருந்திருக்கலாம் என்கிறார் பெரியவர். தனியாகிவிட்டால் பொழுது நீளமாகிவிடுகிறது என்கிறார். அவ்வளவுதான் படம்.

பேசாமல் இருந்தோம். நான் சும்மா ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காக, அந்தப் பெரியவராக நடித்த சிஷு ரியுவுக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை என்றேன். அவன் நம்பவில்லை, நம்பியபோது தலையை மட்டும் ஆட்டினான். அப்புறம் சொன்னான்:

“அந்தப் பக்கத்து வீட்டம்மா முதல்லயும் வந்தாங்க இல்ல? அதே ஜன்னல்ல?”

நான் அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன்! இரண்டு ஜன்னலையும் சேர்த்து ஒருபோதும் யோசித்ததில்லை. ரிமோட்டை எடுத்து ஆரம்பத்துக்குப் போனேன்.

ஆமாம், அதே ஜன்னல். அதே அம்மாள். கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பயணத்துக்குப் பெட்டி அடுக்குகிறார்கள். காற்றடைக்கும் தலையணை எங்கே என்று அவள் கேட்கிறாள். உன்னிடம்தானே கொடுத்தேன் என்கிறார் அவர். என்னிடம் இல்லையே என்கிறாள். நன்றாகத் தேடிப் பார், இல்லாமல் எங்கே போகும் என்கிறார். நடுவில் ஜன்னலில் அந்த அம்மாள் வந்து, டோக்கியோவுக்குப் போகிறீர்களாமே என்று மகிழ்ச்சியாக விசாரித்துவிட்டுப் போகிறாள். மறுபடி தேடுகிறார்கள். கடைசியில் அவருடைய பையிலேயே அவருக்குத் தட்டுப்படுகிறது. ஆ, இருக்கிறது என்கிறார். கிடைத்ததா என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் தன் அடுக்குகிற வேலையைத் தொடர்கிறாள்.

நண்பன் அங்கே படத்தை நிறுத்தினான்.

“அவங்க ஒண்ணுமே சொல்லலை பாரு” என்றான்.